பாதியில் நிற்கும் சலவை இயந்திரம்: கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே

தோய்த்துக்கொண்டிருந்த இயந்திரம் நடுவில் நின்றுவிட்டால் வீட்டில் முதலில் வரும் சொல் "எரிஞ்சுபோச்சு" என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலான நேரங்களில் எதுவும் எரிந்திருக்காது. தண்ணீர் போதிய அளவு வந்து சேர்ந்திருக்காது, தோய்த்த தண்ணீர் வெளியேறியிருக்காது, மூடி சரியாகப் பொருந்தியிருக்காது, உடுப்பு ஒரு பக்கமாகத் திரண்டிருக்கும், அல்லது மின்னழுத்தம் இறங்கியிருக்கும். இவற்றில் ஒன்றை உணர்ந்த இயந்திரம் மேற்கொண்டு ஓடாமல் காத்து நிற்கிறது. காரணத்தை நீக்கிவிட்டால் அநேகமாகத் தொடர்ந்து ஓடும். திருத்துபவரை அழைக்கவேண்டிய கட்டம் அதற்குப் பிறகுதான்.

இயந்திரத்தோடு வரும் கைநூலை எழுதியவர்கள் மூன்று விடயங்களை எடுகோளாக வைத்து எழுதுகிறார்கள். குழாயைத் திறந்தால் நல்ல வேகத்தில் தண்ணீர் வரும், சுவரில் 230 வோல்ற் இருக்கும், தரை மட்டமாக இருக்கும். லிங்கநகரிலோ சாம்பல்தீவிலோ, துறைமுகத்துக்கு அக்கரையில் மூதூர், சம்பூர்ப் பக்கத்திலோ இந்த மூன்றும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. அதனால் சந்தேகப்படவேண்டிய வரிசையும் இங்கே மாறுகிறது.

சலவை இயந்திரம் வசதியின் அடையாளம் என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையிலிருக்கும் ஒருவரைப் பராமரிக்கும் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். விரிப்பு, சாரம், துவாய் என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மாற்றவேண்டி வரும். ஈரம் நின்றால் படுக்கைப் புண் வரும். செல் துண்டு இன்னமும் கைக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஒரு சாரத்தை முறுக்கிப் பிழிவதே வேதனை. ஒரு காலை இழந்தவர் கிணற்றடியில் குந்தியிருந்து தோய்ப்பது எப்படி? விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வாங்கித் தோய்த்துக் கொடுத்து உழைக்கும் ஒருவருக்கு அது தொழிற்கருவி, தவணை இன்னும் கட்டி முடியாத கருவியாகவும் இருக்கலாம். இப்படியான வீட்டில் இயந்திரம் தண்ணீரோடு பூட்டிக்கொண்டு நிற்பது சின்ன விடயமில்லை.

எந்த இடத்தில் நின்றது?

திருத்துபவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். தானியங்கி இயந்திரம் தண்ணீர் எடுக்கும், அலசும், தண்ணீரை வெளியேற்றும், வேகமாகச் சுழன்று பிழியும். சவர்க்காரம் போகக் கழுவுவதற்காக இதே வட்டம் இன்னும் ஒன்றிரண்டு தடவை திரும்பும். தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்க நின்றால் வரவில் சிக்கல். அழுக்குத் தண்ணீரில் உடுப்பு ஊறிக்கொண்டிருக்க நின்றால் வெளியேற்றத்தில். தண்ணீர் போய்விட்டது, உடுப்பு மட்டும் சொட்டச் சொட்ட இருக்கிறது என்றால் சுழற்சியில். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரத்தில்.

திரையில் எழுத்து மின்னினால் வேலை இன்னும் சுலபம். எல்ஜி இயந்திரங்களில் 'ஐஈ' என்றால் தண்ணீர் வரவு, 'ஓஈ' என்றால் வெளியேற்றம், 'யூஈ' என்றால் சமநிலை இல்லை, 'டிஈ' என்றால் மூடி அல்லது கதவு. சாம்சங்கில் 4 என்ற இலக்கத்தோடு ஈ அல்லது சி வந்தால் தண்ணீர் வரவில்லை, 5 என்ற இலக்கத்தோடு வந்தால் தண்ணீர் போகவில்லை. அந்தத் திரையில் 5 என்பது ஆங்கில 'எஸ்' போலவும் தெரியும், குழம்பவேண்டாம். மற்றக் கம்பனிகளின் குறிகள் மாதிரிக்கு மாதிரி மாறுகின்றன. ஒரு கம்பனியின் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொன்றை வாசிக்கப்போனால் வீண் செலவுதான் மிஞ்சும். எல்லாவற்றுக்கும் முன், பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். மின்சாரம் துள்ளியதால் உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை குழம்பி நிற்பதும் உண்டு. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் நின்றால் காரணம் ஒன்று இருக்கிறது.

வராத தண்ணீர்

திருகோணமலை நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் குழாய்நீர் ஏறக்குறைய 40 கிலோமீற்றருக்கு அப்பால் கந்தளாயிலிருந்து வருகிறது. அவ்வளவு தூரம் வந்து, பிரிந்து பிரிந்து, வீதியின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, அதுவும் எல்லோரும் குழாயைத் திறக்கும் காலை வேளையில், அழுத்தம் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. மதகு ஒன்று மூடப்பட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை 2006 யூலையில் மாவிலாற்றில் பார்த்த மாவட்டம் இது. குழாய் இரண்டு மணித்தியாலம் நிற்பதை இங்கே யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இயந்திரம் எடுக்கும்.

தாங்கி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைப்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பத்தடித் தூணில் தாங்கி இருந்தால் அதன் அடி நிலத்திலிருந்து 3 மீற்றரில் இருக்கிறது. இயந்திரத்தின் தண்ணீர் வாய் நிலத்திலிருந்து 1 மீற்றரில் இருக்கிறது. எஞ்சுவது 2 மீற்றர், அதாவது 0.2 பார். வளைவுகளிலும் ஒடுங்கிய குழாயிலும் அதிலும் கொஞ்சம் போய்விடும். பல கைநூல்கள் கேட்பது குறைந்தது 0.3 அல்லது 0.5 பார். முன்பக்கம் திறக்கும் சில ஐரோப்பிய இயந்திரங்கள் 1 பார்கூடக் கேட்கும். தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும் இயந்திரம் "தண்ணீர் இல்லை" என்று சொல்வது இதனால்தான்.

இயந்திரத்தின் வாயிலிருக்கும் மின்வால்வுக்குள் ஒரு றப்பர் சவ்வு இருக்கிறது. அதன் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தின் உதவியோடுதான் அது திறந்து மூடுகிறது. அழுத்தம் போதாவிட்டால் நூல்போலத் தண்ணீர் வரும், சிலவேளை முழுதாக மூடாமல் சொட்டிக்கொண்டும் இருக்கும். கம்பனி வைத்திருக்கும் நேரத்துக்குள் மட்டம் ஏறாவிட்டால் இயந்திரம் முயற்சியைக் கைவிட்டு நின்றுவிடும்.

சோதிப்பது சுலபம். குழாயிலிருந்து ஹோசைக் கழற்றி ஒரு வாளியை வைத்து நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு ஐந்து லீற்றர்கூட விழாவிட்டால் குற்றம் இயந்திரத்தில் இல்லை. தண்ணீர் நன்றாக விழுகிறது, ஆனால் இயந்திரத்துக்குள் போகவில்லை என்றால், குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, ஹோஸ் இயந்திரத்தோடு சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். அந்த வாய்க்குள் விரல்நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். குறட்டால் மெதுவாக இழுத்தால் வரும். குழாய் திருத்தியபின் வரும் மண், தாங்கியின் அடியில் கிடக்கும் பாசி, இரும்புக் குழாயின் துரு எல்லாம் அதில்தான் போய்க் குவியும். பழைய பல் தூரிகையால் உரஞ்சிக் கழுவித் திரும்பப் போடுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு இயந்திரத்தை ஓடவிடுபவர்கள் இருக்கிறார்கள். சல்லடை இல்லாத வால்வுக்குள் ஒரு மணல் துணிக்கை போய் இருந்தால் வால்வு மூடாது, இரவு முழுக்கத் தண்ணீர் நிரம்பும்.

அழுத்தம் போதாத வீட்டில் தாங்கியை உயர்த்தலாம், சின்ன அழுத்த மோட்டர் பூட்டலாம், தாழ் அழுத்தத்துக்கென்று விற்கும் வால்வை மாற்றலாம். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு வாளி இருக்கிறது. மேலே திறக்கும் இயந்திரத்தில் வாளியால் தண்ணீரை நேரே தொட்டிக்குள் ஊற்றலாம். மட்டம் ஏறியதை உணர்ந்ததும் அது அலசத் தொடங்கும். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் சவர்க்காரத் தூள் போடும் தட்டின் வழியாக மெதுவாக ஊற்றலாம். கழுவும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது தொல்லைதான், ஆனாலும் கையால் பிழிவதைவிட மேல்.

மின்வெட்டு வேளைகளில் இன்னொரு சங்கிலி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கிணற்று மோட்டர் ஓடாது, வீட்டார் புழங்கத் தாங்கி வற்றும். கரண்ட் வந்ததும் இயந்திரம் தொடங்கும், தண்ணீர் கிடைக்காமல் திரும்பவும் நிற்கும். பார்ப்பவருக்கு "கரண்ட் போய் வந்ததிலிருந்து மெசின் பழுது" என்று தோன்றும். முதலில் தாங்கியைத் தட்டிப் பாருங்கள்.

தண்ணீர் உள்ளே விழும் சத்தம் கேட்கிறது, ஆனால் மட்டம் ஏறவே இல்லை என்றால் வெளியேறும் ஹோசைப் பாருங்கள். கழிவு நீரை வாழைக்கோ தென்னைக்கோ விடுவதற்காக அந்த ஹோசை நிலத்தில் நீட்டி விடுவது நம் வீடுகளில் சாதாரணம். பம்பால் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களில் இது சரிவராது. ஹோஸ் ஓரிடத்திலாவது நிலத்திலிருந்து 60 முதல் 100 சென்ரிமீற்றர் வரை உயர்ந்து வளைந்து போகவேண்டும். தாழ்ந்து கிடந்தால், உள்ளே விழும் தண்ணீர் தானாகவே வழிந்து வாழைக்குப் போய்விடும். மேலே திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில் ஏற்பாடு இதற்கு நேர்மாறு. அவற்றில் பம்ப் இல்லை, அடியிலுள்ள வால்வு திறந்து தண்ணீர் தன் பாரத்தால் இறங்குகிறது. அந்த ஹோசை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் வெளியே போகாது. உங்களுடையது எந்த வகை என்பதைக் கைநூல் சொல்லும். கைநூல் இல்லாவிட்டால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: தண்ணீர் வெளியேறும்போது உறுமல் தொடர்ந்து கேட்டால் பம்ப் இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீருக்குத் தனிக் குணம் உண்டு. உலர் வலயக் கிணறுகளில் கல்சியம் அதிகம், கரையோரக் கிணறுகளில் கோடை முற்ற உப்பும் ஏறும். கல்சியம் வால்விலும் சூடாக்கியிலும் வெள்ளையாகப் படியும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, உடுப்பு எதுவும் போடாமல், 100 கிராம் அளவு சிற்றிக் அமிலம் போட்டு வெறும் தொட்டியை ஓடவிட்டால் படிவு கரையும். அதோடு வெளிற்றும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். இன்னொன்று, கிணற்று நீரில் நுரை வராது என்று கூடுதலாகத் தூள் போட்டுப் பழகியவர்கள் குழாய்நீர் வந்தபிறகும் அதே அளவைப் போடுகிறார்கள். நுரை மிஞ்சினால் மட்டத்தை உணரும் கருவி ஏமாறும், பிழியும் கட்டத்தில் இயந்திரம் தத்தளித்து நிற்கும். கையால் தோய்க்கும் தூளிலும் நுரை கூடுதல். அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்.

போகாத தண்ணீர்

இதற்குக் காரணம் பத்தில் எட்டு தடவை அடைப்புத்தான் என்று துணிந்து சொல்லலாம். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தின் அடியில், வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள்தான் பம்பின் வடி. சில்லறைக் காசு, கொண்டை ஊசி, பாடசாலைச் சட்டையின் பொத்தான், கடலுக்குப் போய்வருபவர்களின் உடுப்பில் ஒட்டிய மீன் செதில், நைலோன் வலை நூல் எல்லாம் அங்கே சிக்கும். நூல் பம்பின் சிறகில் சுற்றிக்கொண்டால் பம்ப் உறுமும், தண்ணீர் அசையாது. திறக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். சூடான தண்ணீரில் தோய்த்திருந்தால் ஆறவிடுங்கள். தட்டையான பாத்திரம் ஒன்றும் பழந்துணியும் கிட்ட இருக்கட்டும், பத்து லீற்றருக்கு மேல்கூட வரும். அநேகமாக அந்த மூடிக்குள்ளேயே ஒரு சின்னக் கறுப்பு ஹோஸ் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முதலில் இறக்கிவிட்டு, பிறகு வடியைத் திருகி எடுங்கள்.

படுக்கையில் இருப்பவரின் விரிப்பை ஊறவிட்ட நிலையில் இயந்திரம் பூட்டிக்கொண்டால் செய்யவேண்டியதும் இதுதான். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்காது, இழுத்து உடைக்கவேண்டாம். தண்ணீர் இறங்கி, பிளக்கும் கழற்றிச் சில நிமிடம் போனால் பூட்டு ஆறித் தானாக விடும். மேலே திறக்கும் இயந்திரமானால் வெளியேறும் ஹோசை நிலத்தோடு தாழ்த்திப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் பேணியால் அள்ளவேண்டியதுதான்.

சுழலாத தொட்டி

பிழிவதற்கு வேகமெடுக்கும் முன் இயந்திரம் உடுப்பைப் பரப்பிப் பார்க்கும். ஒரு பக்கம் பாரம் கூடினால் நிறுத்தி, திரும்பத் தண்ணீர் எடுத்து, திரும்ப முயலும். மூன்று நான்கு தடவைக்குப் பின் கைவிட்டு நின்றுவிடும். ஒரே ஒரு தடித்த போர்வையைப் போட்டாலும் இது நடக்கும், படுக்கை விரிப்புக்குள் மற்ற உடுப்பெல்லாம் போய்ப் பந்தாகச் சுற்றிக்கொண்டாலும் நடக்கும். நுளம்பு வலையைத் தனியாகப் போடாதீர்கள், தலையணை உறையொன்றுக்குள் கட்டிப் போடுங்கள். உடுப்பை உதறிப் பரப்பிவிட்டுப் பிழியும் கட்டத்தை மட்டும் தெரிவுசெய்தால் பெரும்பாலும் ஓடும். ஓடாவிட்டால் இயந்திரத்தின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் காலைத் திருகி உயர்த்துங்கள். மணலுக்கு மேல் போட்ட மெல்லிய சீமெந்துத் தரை இருந்திருந்து ஒரு பக்கம் இறங்கும், போன வருடம் மட்டமாக இருந்தது இந்த வருடம் இருக்காது.

பராமரிப்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்கவேண்டிய ஒன்று: நோயாளியின் கீழ் விரிக்கும் றெக்சின் அல்லது றப்பர் விரிப்பை ஒருபோதும் இயந்திரத்தில் சுழலவிடாதீர்கள். தண்ணீர் ஊடுருவாத துணி தொட்டிக்குள் பை போல விரிந்து தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இயந்திரம் முழு வேகம் எடுத்தபின் அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் சரிந்தால் இயந்திரமே துள்ளிச் சரியும், தொட்டி உடையும். மழைக்கோட்டுக்கும் இதே விதிதான். அவற்றைக் கையால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள்.

மூடியின் சுவிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடி திறந்திருந்தால் தொட்டி சுழலக்கூடாது என்பதற்காக வைத்தது அது. பழுதானால் மாற்றவேண்டும். "நேரே கொடுத்துவிடுகிறேன், சுவிச் தேவையில்லை" என்று சொல்லும் திருத்துபவரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சுழலும் தொட்டிக்குள் ஈரத்துணி கையைச் சுற்றினால் கை முறியும்.

குறைந்த கரண்ட், கூடிய கரண்ட்

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற், அதில் 6 சதவீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. மின்மாற்றியிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில், எல்லோரும் விளக்குப் போடும் மாலையில் அது கீழே போகும். மோட்டரின் இழுவிசை வோல்ற் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்கவேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவிசை ஐந்தில் மூன்றாக இறங்கிவிடும். ஈர உடுப்போடு தொட்டியைத் தூக்கிச் சுழற்ற அது போதாது. மோட்டர் உறுமும், சுழலாது, சூடேறும். பிறகு உள்ளேயிருக்கும் வெப்பக் காப்பு அதை நிறுத்திவிடும். நின்ற இயந்திரம் அரை மணித்தியாலம் கழித்துத் தானாக ஓடத் தொடங்குகிறதா? சூடேறித்தான் நின்றிருக்கிறது. பாரத்தைக் குறைத்து, காலையில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடினால் இயந்திரத்தில் குறையில்லை, மின்சாரத்துக்கு 1987 என்ற இலக்கத்தில் முறையிடலாம். குழாய்நீர் அழுத்தத்துக்கு நீர் வழங்கல் சபையின் இலக்கம் 1939.

காலையிலும் உறுமிக்கொண்டு சுழலாவிட்டால் கொதிகலன் போலச் சூடாகும்வரை விட்டுவைக்காமல் உடனே நிறுத்துங்கள். மோட்டரைத் தொடக்கிவிடும் கொள்ளளவி பலவீனப்பட்டிருக்கலாம். மலிவான உதிரிதான், இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் அடிக்கடி போவது. ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின் தங்கியிருக்கும் என்பதால் வீட்டார் கை வைக்கவேண்டாம்.

பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். இப்போது நாட்டின் பொது நியமம் சதுர முள் உள்ள 13 அம்பியர் பிளக். பழைய வீடுகளில் வட்ட முள் பொருத்திகளே இருக்கின்றன, இரண்டுக்கும் இடையில் ஒரு மாற்றியைச் செருகி ஓட்டுவது வழக்கம். உதவித் திட்டத்தில் காசை எண்ணி எண்ணிக் கட்டிய வீட்டில் வயரிங்கை நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி என்ற கணக்கில் இழுத்திருந்தால், சலவை இயந்திரத்தின் பாரம் அந்தக் கணக்கில் இல்லை. மாற்றி சூடேறி இளகினால் தொடுகை விட்டுவிட்டு வரும், இயந்திரம் இடையிடையே உயிர் போய் உயிர் வரும். கறுத்த, இளகிய, மணக்கும் பிளக்கில் இன்னொரு தடவைகூட ஓடவிடாதீர்கள்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தால் அது வேறு கதை. எங்கோ மின் கசிகிறது. தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரமாக இருந்து, தொடங்கிச் சில நிமிடத்தில் விழுந்தால் சூடாக்கியைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த நீர் என்ற தெரிவில் விழாமல் ஓடினால் சந்தேகம் உறுதி, அதைத் திருத்துபவரிடம் சொல்லி மாற்றுங்கள். ட்ரிப் சுவிச்சைக் கட்டிவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இயந்திரத்தின் உடலைத் தொடும்போது சுள்ளென்று உணர்ந்தால் நிலத்தொடுப்பு சரியில்லை. மணல் நிலத்தில் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மண் காய்ந்துவிட, அடித்த கம்பி நன்றாக வேலை செய்யாமல் போகலாம். தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவர் அளந்து பார்க்கவேண்டும். உணர்ச்சி குறைந்த கையோ காலோ உள்ளவர்கள் இந்தச் சுள்ளை உணரவே மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திடீர் மின்தடைக்கு எவரும் தப்பவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுதும் இருண்டது. அது ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தோய்க்கிற நேரம். சில இயந்திரங்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்துத் தொடரும், சில முதலிலிருந்து தொடங்கும், சில எதுவும் செய்யாமல் நீங்கள் பொத்தானை அமுக்கும்வரை நிற்கும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. மீண்டும் வரும்போது துள்ளும் மின்தான் கட்டுப்பாட்டுப் பலகையைக் கொல்வது. கடற்காற்றின் உப்பும், சூட்டைத் தேடி உள்ளே போகும் பல்லியும் எறும்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இயந்திரத்தைத் துறைமுகப் பக்கம் திறந்த விறாந்தையில் வைத்திருந்தால் உள்ளே நகர்த்துங்கள்.

திருத்துபவர் வரும்போது

உத்தரவாத அட்டையை முதலில் வாசியுங்கள். "மோட்டருக்குப் பத்து வருடம்" என்று பெரிதாக ஒட்டியிருந்தாலும் மோட்டர் மட்டும்தான் பத்து வருடம், பலகையும் வால்வும் பம்பும் பெரும்பாலும் அதற்குள் வராது. காலம் முடியாத இயந்திரத்தை வெளியாட்களைக் கொண்டு திறந்தால் மீதி உத்தரவாதமும் போய்விடும்.

2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபிறகு இறக்குமதி உதிரிகளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே "போர்ட் போய்விட்டது" என்ற தீர்ப்பை அளந்து பார்க்காமல் ஏற்கவேண்டாம். எந்தக் கட்டத்தில் நின்றது, என்ன குறி மின்னியது, வாளி எவ்வளவு நேரத்தில் நிறைந்தது, காலையில் ஓடியதா மாலையில் ஓடியதா என்பதை ஒரு துண்டில் எழுதி, இயந்திரத்தின் பின்னாலுள்ள மாதிரி இலக்கத்தையும் சேர்த்துத் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ ஒருவரை அழைத்தால் வந்துபோகும் செலவே ஒரு தொகை, சரியான உதிரியோடு வந்தால் ஒரு பயணத்தில் முடியும். சல்லடையும் வடியும் சுத்தமாக இருக்கின்றன, குளிர்நீரிலும் ட்ரிப் விழுகிறது என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்த இரண்டையும் சுத்தம் செய்துவிட்டுப் பெரிய கட்டணம் கேட்கவும் முடியாது. பலகையை மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் பழையதைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் போனது ஒரு றிலேயாகவோ ஒரு உருகியாகவோ இருந்தால், வானொலி தொலைக்காட்சி திருத்தும் கடையில் அதைச் சரிசெய்து அடுத்த தடவைக்கு வைத்திருக்கலாம்.